மிஷின் தலையும் மூலைத் தகடும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்குத் தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது.

நான் நலம். தங்கள் நலத்தையும் அக்காவின் நலத்தையும் அக்காவின் வலது முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல். தங்கள் வீட்டில் இருபத்து மூன்று நாட்களாகத் தங்கியிருக்கும் இன்னொருவரின் நலத்தை அறியவும் ஆவல்தான். ஆனால் இங்கிருந்து கிளம்பும்போது அவர் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை என்பதால் நானும் கேட்பதாக இல்லை. போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் வீட்டுப் போனை யார் முதலில் எடுப்பார் என்பது தங்களுக்கே தெரியும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது சமாதானக் கடிதம் அல்ல. தங்கையைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சும் கடிதமும் அல்ல. முப்பத்து மூன்று வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டியவன், லிட்டர் குவளையின் அடியை உள்பக்கமாகத் தட்டி வைத்தவன், மீட்டர் கோலில் ஒரு விரல்கடை அறுத்தவன் என்று எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். ஆனாலும் எதிர்த் தரப்பைக் கேட்காமல் ஒருவன் மேலும் வழக்கு எழுதியதில்லை. தங்களிடம் ஒரு தரப்பு நேரிலேயே வந்து சேர்ந்துவிட்டது, அதுவும் தையல் மிஷினின் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. பையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அண்ணன் வீட்டுக்கு நாலு நாள் போயிருக்கிறாள் என்று நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். தலையைக் கழற்றிக்கொண்டு போனதால்தான் பேனாவை எடுத்தேன். மிதிக்கிற காலும் பலகையும் இங்கே இருக்கின்றன, தலை அங்கே இருக்கிறது. ஆகவே மறுதரப்பு இதோ தபாலில் வருகிறது.

எங்கள் கூடம் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் அவளுடைய மிஷின். மறுபக்கம் என் சாமான்கள்: பழைய தராசு நான்கு, பித்தளை எடைக்கற்கள் இரண்டு பெட்டி, என் பணிக்காலக் குறிப்பேடுகள் ஓர் அலமாரி நிறைய, அப்புறம் அந்தச் சாய்வு நாற்காலி. நடுவில் சாப்பாட்டு மேசை. அந்த மேசையில்தான் அவள் துணி வெட்டுவாள். நான் சாப்பிட வந்தால் துணியைச் சுருட்டுவாள், நான் கை கழுவினதும் மறுபடி விரிப்பாள். "ஒரு ரூம் மட்டும் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று கல்யாணமான மறுவருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது ஆறு பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுக்கப் போகிறேன், இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஆரம்பம் என்று அவள் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கூடத்தின் கோடியில் எட்டடிக்கு ஆறடி மறித்து அவளுக்கு ஒரு அறை கட்டித் தந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லாமல் செய்தேன், ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. அவள் கடைக்குப் போய் வருவதற்குள் கூடத்தில் கம்பிச் சட்டம் நின்றது. ஆச்சரியப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன், சட்டத்தைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

போர்டுக்காரர் கெட்டிக்காரர். இரண்டே நாளில் சட்டத்தின் மேல் ஜிப்சம் போர்டு அடித்துக் கதவும் மாட்டிவிட்டார். மூன்றாம் நாள் அவருக்கு வேறு வேலை. போகிறபோது வாசலில் நின்றபடி, "அந்த வெளிமூலைக்கு மட்டும் தகடு அடிச்சுப் பட்டி பாத்துக்குங்க சார். ஒரு மணி நேர வேலை" என்றார். மச்சான், அந்த ஒரு மணி நேரம் இன்றோடு ஐம்பத்து இரண்டு நாள்.

வெளிமூலை என்றால், புது அறையின் இரண்டு சுவர்களும் சந்தித்துக் கூடத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற மூலை. சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றித்தான் போகவேண்டும். ஜிப்சம் போர்டு என்பது என்ன, ரெண்டு அட்டைக்கு நடுவிலே மாவுக்கட்டி. முதல் நாளே சிலிண்டர்காரர் தோளிலே சிலிண்டரோட திரும்பினார், மூலை பிஸ்கட் மாதிரி உதிர்ந்துடுச்சு. அப்படி உதிராமல் இருக்கத்தான் தகடு. கடையிலே கார்னர் பீடுன்னு கேட்டால் தருவார்கள். தரையிலிருந்து கூரை வரைக்கும் நீளமா, திறந்து கவிழ்த்த புத்தகம் மாதிரி ரெண்டு இறக்கை, நடு மடிப்பிலே கொஞ்சம் தூக்கலா ஒரு விளிம்பு. அந்த விளிம்புக்கு மூக்குன்னு பேரு. இறக்கை ரெண்டையும் சுவரிலே ஸ்க்ரூ வச்சு முடுக்கி, மேலே பட்டியை, அதாவது சுவர்ப் பூச்சு மாவை, இழுத்து மூடிட்டா வேலை முடிஞ்சது. இவ்வளவுதான். இதைப் பால்காரர்கூடச் செய்வார். ஆனால் பால்காரருக்கு அளவுன்னா பயம், எனக்கு அளவுன்னா பக்தி. அங்கேதான் வினை.

கூரை உயரத்தை மூணு தடவை அளந்தேன். எட்டடி ஏழேகால் அங்குலம். தகட்டை எட்டடி ஏழேகால் அங்குலம் வெட்டினேன். அதாவது தகடு ஒரு கத்தரியால் வெட்டப்பட்டது. எந்தக் கத்தரி என்பது இந்த இடத்தில் முக்கியமில்லை. நிறுத்திப் பார்த்தால் கீழே தரையை முட்டுது, மேலே கூரையை முட்டுது, நடுவிலே தொப்பை போட்டுடுச்சு. அடிச்சுத் திணிச்சேன், தொப்பை இன்னும் பெருத்துது. கடைக்காரர்கிட்டே கேட்டேன். "அரை விரல் குறைச்சு வெட்டி, மேலே முட்டக் குடுத்து, கீழே இடைவெளி விடுங்க சார், கீழ்ப்பட்டை அடிச்சா மறைஞ்சுடும்" என்றார். குறைச்சு வெட்டறதா? நானா? அரை விரல் குறைச்சவங்களை எல்லாம் கூண்டிலே ஏத்தின கை மச்சான் இது! முடியாதுன்னுட்டேன். இன்னொரு தகடு வாங்கி இன்னும் துல்லியமா எட்டடி ஏழேகால் வெட்டினேன். அதுவும் தொப்பை. மூணாவதும் தொப்பை. தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு என்னைப் பத்தித் தாங்கள் அடிக்கடி சொல்வீர்கள், அன்னிக்கு எனக்கே அது காதிலே கேட்டுது, ஆனா நான் காதிலே போட்டுக்கலை.

நாலாவது தகட்டை எப்படியோ நெம்பி நிறுத்திட்டேன். இப்போ அடுத்த குற்றம் கண்ணிலே பட்டுது. மூக்கு சுவர் மட்டத்தை விடத் துருத்திக்கிட்டு நிக்குது. ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். மட்டத்துக்கு மேலே எது துருத்தினாலும் அது குறைபாடுதானே? சுத்தியலை எடுத்தேன். ஒரு வாரம் தட்டினேன் மச்சான். மேலேயிருந்து கீழே தட்டிக்கிட்டு வந்தா மேலே எழும்புது, கீழேயிருந்து மேலே போனா நடுவிலே வளையுது. மூக்கை அடக்கினதும் இறக்கை ரெண்டும் விரிஞ்சு நின்னுது. அதைப் பிடுங்கிப் போட்டு ஐந்தாவது வாங்கினேன். ஆறாவது வாங்கப் போனபோது கடைக்காரர் என்னைப் பார்த்துட்டு உள்ளே போய், தான் ஊரிலே இல்லைன்னு சொல்லச் சொன்னார். அவர் குரல்லேயே சொன்னார். அப்படியும் ஆறாவதை வாங்காம நான் நகரலை.

ரசமட்டத்தை வச்சுப் பார்த்தா அதைவிட மோசம். சுவரே மூணு மில்லி சாய்வு. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், மூணு மில்லி. "கூடமே கோணல்டி" என்று சொன்னேன். அவ அப்போ காஜா எடுத்துக்கிட்டிருந்தா. தலையை நிமிர்த்தாமலே, "ஆடத் தெரியாதவதான் கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றாள். "நிஜமாவே கோணல்தான், வந்து பாரு" என்று தூக்குக்குண்டைக் காட்டினேன். "நான் முப்பத்தோரு வருஷமா இந்தக் கூடத்திலே குடித்தனம் பண்றேன், எனக்குக் காட்டறீங்களா?" என்று நூலைக் கடிச்சா. சுவரிலே மூணு மில்லி, பேச்சிலே முன்னூறு மில்லி.

இப்படி நான் மாட்டுவதும் பிடுங்குவதுமாக இருந்ததில் பட்டி பார்க்காத வெறுந்தகடு கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்த மூலையில் நின்றது. விளிம்பெல்லாம் பிசிறு. பாட்டுப் போட்டிக்குப் போகிற ஒரு பெண்ணுக்காக நீல உடுப்பு ஒன்று தைத்திருந்தாள், நான்கு நாள் வேலை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு இஸ்திரி போடத் திரும்பினாள். "சர்ர்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது மச்சான். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் கிழிசல். நான் உடனே டேப்பை எடுத்து அளந்தேன். ஏன் அளந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கை தானாகப் போய்விட்டது. அவள் என் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் போய் உட்கார்ந்து, பச்சைத் துணியில் ஒரு இலை வெட்டி, தண்டும் நரம்பும் வைத்து, அந்தக் கிழிசல் மேலே தைத்துவிட்டாள். வாங்கிக்கொள்ள வந்த பெண் இலையைப் பார்த்து, "ஐயோ ஆன்ட்டி, அழகா இருக்கு, அந்தப் பக்கமும் ஒண்ணு வைங்களேன்" என்றாள். அந்தப் பக்கமும் வைத்துக் கொடுத்தாள். அன்றைக்கும் அவள் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை. இதைத் தாங்கள் கவனிக்கவேண்டும். தூசிக்காகவோ சத்தத்துக்காகவோ கிழிசலுக்காகவோ அவள் போகவில்லை.

சரி. எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிடும்.

தகடு வெட்டிய கத்தரி அவளுடைய துணிக் கத்தரி. தகரம் வெட்டும் கத்தரி வாங்கத்தான் போனேன், கடையில் அன்று இல்லை. வீட்டில் அது இருந்தது, கருப்புப் பிடி, கனமாக, அழகாக. ஒரே ஒரு வெட்டுதானே என்றுதான் எடுத்தேன். ஒரு தகட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆறு தகடு. தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கத்தரியால் காகிதம் வெட்டினாலே இந்த வீட்டில் மூன்று நாள் பேச்சு இருக்காது என்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் பையன் சின்ன வயதில் பட்டம் செய்ய எடுத்து, இன்றைக்கும் அவனுக்கு அது கெட்ட சொப்பனமாக வருகிறதாம், வெளியூரிலிருந்து சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் துடைத்து அதே ஆணியில் அதே கோணத்தில் மாட்டி வைத்தேன். எத்தனை கடைக்காரர்கள் இப்படி எனக்கு முன்னாலே துடைத்து வைத்திருப்பார்கள்! அவள் கிளம்பிய அன்று வெள்ளைச் சாட்டின் துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டுக் கத்தரியை வைத்தாள். துணி வெட்டுப்படவில்லை. மென்றது. அவள் கத்தரியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மிஷின் தலையைக் கழற்ற ஆரம்பித்தாள். கத்தரியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். "மூலையை முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் வாசலில் சொன்னாள். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் என்னை வதைக்கிறது.

அவள் போன பிறகு சாப்பாட்டு மேசை முழுக்க எனக்குத்தான். ஒரு தட்டு, ஒரு தம்ளர். அதை வைக்க ஆறடி மேசை எதற்கு? யாரும் துணியைச் சுருட்டவில்லை. மிஷின் பலகையில் தலை இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அந்த வழியாகத் தரை தெரிகிறது. அதன் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தேன், காற்றில் பறந்துவிடுகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், அந்தச் சக்கரம் ஓடுகிற சத்தம் இல்லாமல் எனக்குப் பகல் தூக்கம்கூட வரவில்லை.

அப்புறம்தான் பட்டிக்காரம்மா வந்தாங்க. மேல் வீட்டிலே கூரை வேலை செய்யறவங்க. நாற்பது வயசு இருக்கும், தலையிலே துண்டு, முழங்கை வரைக்கும் வெள்ளை. தண்ணி கேட்டு வந்தவங்க, "ரெண்டு வாரமாக் கீழே யாரை சார் அடிக்கிறீங்க? மேலே நாங்க பேசிக்கறோம், போலீஸ்லே சொல்லலாமான்னு" என்றாங்க. மூலையையும் பிடுங்கிப் போட்ட தகடுகளையும் காட்டினேன். சுத்திச் சுத்தி வந்து பார்த்தாங்க. சாவு வீட்டுக்கு வந்த மாதிரி உச்சுக்கொட்டினாங்க. "மூக்கை ஏன் சார் உடைச்சீங்க?" என்றாங்க. துருத்திக்கிட்டிருந்ததுன்னு சொன்னேன். "துருத்தத்தானே சார் மூக்கு? மூக்கு தூக்கலா இருந்தாத்தான் மூக்குக்கும் சுவத்துக்கும் நடுவிலே பள்ளம் கிடைக்கும். பள்ளம் கிடைச்சாத்தான் பட்டி நிக்கும். கரண்டியை ஒரு ஓரம் மூக்கிலே, ஒரு ஓரம் சுவத்திலே வச்சு இழுக்கணும். நீங்க மட்டமாத் தட்டிட்டா பட்டி எங்கே நிக்கும், உங்க தலையிலேயா?" என்றாங்க. அப்போதான் அவங்க கண் மேசை மேலே இருந்த கத்தரியிலே விழுந்துது. எடுத்துப் பார்த்தாங்க. "இதாலயா வெட்டினீங்க? அம்மா எங்கே?" என்றாங்க. அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா, மிஷின் தலையைக் கழட்டிக்கிட்டுன்னேன். "நானா இருந்தா மிஷினைக் கழட்டியிருக்க மாட்டேன், உங்க தலையைக் கழட்டியிருப்பேன்" என்றாங்க. தண்ணியைக் குடிச்சுட்டு, "நாளைக்கு ஏழாவது தகடு வாங்கி வைங்க. தகரக் கத்தரி நான் கொண்டு வரேன். வேலை நீங்கதான் செய்யணும், நான் மேலே போகிறபோது பத்து நிமிஷம் பார்க்கறேன்" என்றாங்க.

மறுநாள் தகட்டை மேசை மேலே போட்டு, எட்டடி ஏழேகாலிலே கோடு போட்டேன். அவங்க அந்தக் கோட்டை அழிச்சுட்டு அரை விரல் கீழே ஒரு கோடு போட்டாங்க. நான் மறுபடி டேப்பை எடுத்தேன் மச்சான், சிரிக்காதீங்க. "வெட்டுங்க சார், ஒரு ஜட்ஜும் வரமாட்டார்" என்றாங்க. கண்ணை மூடிக்கிட்டு வெட்டினேன். தகட்டை நிறுத்தினேன். சொல்லி வச்ச மாதிரி நின்னுது, தொப்பையும் இல்லை, வளைவும் இல்லை. ஒரு சாண் தூரத்துக்கு ஒரு ஸ்க்ரூ, வலது இறக்கையிலே ஒண்ணு, இடது இறக்கையிலே ஒண்ணுன்னு மாத்தி மாத்தி. ஒரே பக்கமா முடுக்கினா மூக்கு அந்தப் பக்கமாத் திரும்பிடுமாம். ஒரு பக்கமே பேசினா வீடும் அப்படித்தான்னு சொன்னாங்க. அதை என்னைப் பார்த்துச் சொன்னாங்களா, ஸ்க்ரூவைப் பார்த்துச் சொன்னாங்களான்னு தெரியலை.

பட்டிக்கு மூணு கோட்டு. முதல் கோட்டு பள்ளத்தை நிரப்ப. காய்ஞ்ச பிறகு ரெண்டாவது, ஒரு கை அகலத்துக்கு. மூணாவது அதையும் தாண்டி இன்னும் அகலமா, ஓரத்திலே ஒண்ணுமே இல்லாத அளவுக்கு மெல்லிசா. அப்புறம் உப்புத்தாள். என் முதல் கோட்டைப் பார்த்துட்டு, "இது பட்டி இல்லை சார், தோசை மாவு ஊத்தின மாதிரி இருக்கு" என்றாங்க. ரெண்டாவது நாள் ஒண்ணும் சொல்லலை. அதையே பாராட்டா எடுத்துக்கிட்டேன். மூணாவது நாள் நான் திருட்டுத்தனமா ரசமட்டத்தை எடுத்து வச்சுப் பார்த்தேன். அதே மூணு மில்லி. சுவர் சாய்ஞ்சிருக்கே, மூலை எங்கே போகும்? "இன்னும் கோணலாத்தான் இருக்கு" என்று படியேறிப் போய்ச் சொன்னேன். அவங்க இறங்கி வந்து நாலடி தள்ளி என்னை நிறுத்தி, "இப்போ பாருங்க" என்றாங்க. பார்த்தேன். நேரா இருந்துது. "நேரா இல்லை, நேராத் தெரியுது" என்றேன். "இந்த வீட்டுக்கு அது போதும் சார். மூணு மில்லியை ஓரடி அகலத்துக்குப் பரப்பிட்டோம்லே, இனிமே யார் கண்ணுக்கு அது அகப்படும்?" என்றாங்க. வேலையிலே இருந்த காலத்திலே யாராவது என்கிட்டே இப்படிப் பேசியிருந்தா அன்னிக்கே முத்திரை குத்திக் கடையைப் பூட்டியிருப்பேன். ரசமட்டத்தையும் பிடுங்கிக்கிட்டு மேலே போயிட்டாங்க. முடிச்ச பிறகு தரேன்னாங்க.

அவங்க போன பிறகு அந்த இடத்திலேயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். எனக்கு அந்த நீல உடுப்பு ஞாபகம் வந்துது. நான் கிழிசலை அளந்தேன், அவ அது மேலே இலை வச்சா. முப்பத்தோரு வருஷத்திலே என் மேலேயும் எத்தனை இலை தைச்சிருப்பா. ஒண்ணைக்கூட நான் கவனிக்கலை, துணியே அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன். இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. தங்களிடம் எழுதுகிறேன்.

கத்தரியைக் கடைத்தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோனேன். அலகில் நான்கு பல் விழுந்திருந்தது. "துணிக் கத்தரியாச்சே, யார் இந்தக் காரியம் பண்ணினது?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டேன். நனைந்த சாட்டின் துண்டை வெட்டிக் காட்டினால்தான் வாங்கிக்கொள்வேன் என்று நின்று வாங்கினேன். பட்டிக்காரம்மா வீடு தங்கள் வீட்டுப் பக்கம்தானாம். செவ்வாய்க்கிழமை அவர்களிடமே கொடுத்தனுப்பினேன். சீட்டு எதுவும் வைக்கவில்லை. நாலு தடவை எழுதினேன், நாலும் மன்னிப்பு மாதிரி இல்லை, நோட்டீஸ் மாதிரி இருந்தது.

ஆகவே மச்சான் அவர்களே, மூலை முடிந்தது. உப்புத்தாளும் போட்டாயிற்று. வரும் திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். தங்கள் வீட்டு முன்னறையைத் தருகிறேன் என்று அக்கா சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்காவின் நல்ல மனதுக்கு நன்றி, ஆனால் அந்த ஆறு பெண்களும் அங்கே வந்து பழகிவிட்டால், அப்புறம் தலை அங்கேயேதான், கால் இங்கேயேதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஒரு தடவை அவளை அழைத்து வந்து இந்த மூலையைக் காட்டுங்கள். உள்ளேகூட வரவேண்டாம், வாசலிலிருந்து பார்த்தால் போதும், அங்கிருந்து நன்றாக நேராகத் தெரிகிறது. ஆரம்பத்தில் இது கெஞ்சும் கடிதம் அல்ல என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத் தாங்களே அடித்துவிடுங்கள்.

தங்களுக்கும் அக்காவுக்கும் அக்காவின் இரண்டு முழங்கால்களுக்கும் நீண்ட ஆயுளும் நல்ல நடையும் வாய்க்கட்டும். தங்கள் வீட்டில் எல்லா மூலைகளும் யாரையும் இடிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: பசை இல்லாததால் உறையைப் பட்டியால் ஒட்டியிருந்தேன். கல்லாகிவிட்டது. அதை உடைத்துத்தான் இதை எழுதுகிறேன். காரணம், அவள் வந்துவிட்டாள்.

கதவைத் தட்டவில்லை, சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்தாள். தங்களிடம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். நேரே மூலைக்குப் போனாள். பையிலிருந்து மெல்லிய நீலத் துணி ஒன்றை எடுத்தாள், அதே உடுப்பின் மிச்சம். ஸ்டூல் மேல் ஏறி, கூரையிலிருந்து தரை வரைக்கும் மூலையோடு அந்தத் துணியை இழுத்துக்கொண்டே வந்தாள். மச்சான், என் முன்னாலே கடைக்காரர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. துணி எங்கேயும் மாட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். மாட்டவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இரு, மிஷினை உள்ளே வச்சுக் காட்டறேன்" என்று காலையும் பலகையையும் தள்ளிக்கொண்டு போனேன். போன வேகத்தில் இரும்புக்கால் மூலையில் போய் "டங்" என்று மோதியது. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். தகடு தாங்கிவிட்டது. பின்னே எங்கே மாட்டிக்கொண்டது என்றால் கதவில். கதவு இரண்டடி நாலு அங்குலம். மிஷின் பலகை இரண்டடி பத்து, பக்கவாட்டில் திருப்பவும் அங்கே இடமில்லை. எட்டடி ஏழேகாலை மூன்று தடவை அளந்தவன் இந்த இரண்டையும் ஒரு தடவைகூட அளக்கவில்லை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சேரில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அதுக்குள்ளே மிஷின் ஏன் போகணும்? ஆறு பேரை எட்டடிக்கு ஆறடியிலே எங்கே உட்கார வைப்பேன், உங்க தராசுத் தட்டிலேயா?" என்றாள். நீதானே ரூம் வேணும் ரூம் வேணும்னு முப்பது வருஷமாச் சொன்னே என்றேன். "ஆமா, சொன்னேன். உங்க தராசு, எடைக்கல், குறிப்பேடு, அந்த நாற்காலி, நீங்க, எல்லாத்தையும் கொண்டுபோய் வைக்க ஒரு ரூம் இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னேன். எனக்கு எதுக்கு ரூம்? எனக்குக் கூடம் வேணும்" என்றாள். "அப்போவே சொல்றதுக்கென்ன?" என்றேன். "நீங்க கேட்டாத்தானே?" என்றாள்.

கேட்கவில்லைதான் மச்சான். எல்லாவற்றையும் அளந்தேன், அதை மட்டும் கேட்கவில்லை.

இப்போது மத்தியானம் மணி மூன்று. தராசு நான்கும் உள்ளே போய்விட்டன. எடைக்கல் பெட்டி இரண்டும் போய்விட்டன. குறிப்பேட்டு அலமாரி கதவுக்குள் நுழைகிறது, அளந்து பார்த்துவிட்டேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கதவு திறந்தே இருக்கிறது, கூடம் முழுக்க வெள்ளைச் சாட்டின் விரிந்து கிடக்கிறது, அவள் பையில் கொண்டுவந்த கத்தரியின் சத்தம் கேட்கிறது. நடுவில் சமையலறைக்குப் போகிறபோது மூலையில் இருந்த கீறலை விரலால் தடவிவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த முப்பத்து மூன்று வருடப் பணியில் நான் ஆயிரம் பேருக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒருவர் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்கவேண்டாம். படித்துவிட்டால் அவளிடம் சொல்லவேண்டாம், முக்கியமாக அந்த இலை விஷயத்தை. மிஷின் தலையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டு வந்து சேர்த்துவிடவும்.